நடுவில் நடப்பவள் தூங்கலாம்

இர்விங், டெக்சாஸ்
18 பிப்ரவரி 2007

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மாப்பிள்ளை சிராஜ் எழுதுகிறேன். நாங்கள் மூவரும் இறைவன் அருளால் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாமியின் சர்க்கரை குறைந்ததா? இங்கே போன மாதம் ஐஸ் மழை பெய்து சாலையெல்லாம் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. இப்போது பரவாயில்லை. ஜைத் டேகேருக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து நாங்கள் தமிழில் கேட்பதற்கெல்லாம் இங்கிலீஷில்தான் பதில் சொல்கிறான். ஆனால் உங்கள் போட்டோவைப் பார்த்தால் மட்டும் ஹலோ சொல்லாமல் ஸலாம் சொல்கிறான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

போனில் பேசாமல் கடிதம் எழுதக் காரணம் இருக்கிறது. போன மாதம் நீங்கள் என்னிடம், "சாலிஹாவ அந்த வேலைய விடச் சொல்லுங்க மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டு உடனே மாமியிடம் போனைக் கொடுத்துவிட்டீர்கள். நான் பதில் சொல்ல இடம் கிடைக்கவில்லை. இந்தக் கடிதத்தைத்தான் அந்தப் பதிலாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

இங்கிருந்து ஊருக்கு வந்த நம் சுஃபியான் உங்களிடம் என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியும். யூதர்கள் பட்ட துன்பத்தைப் பற்றிய பாடத்தை நடத்த முடியாது என்று சாலிஹா மறுத்துவிட்டாள், பெற்றோர் புகார் கொடுத்துவிட்டார்கள், முக்காடு போட்ட டீச்சர் என்று பேப்பரில் வந்துவிடும் என்றெல்லாம் சொல்லியிருக்கிறான். அவன் நல்லவன்தான். எங்கள் மேல் உள்ள அக்கறையில்தான் சொல்லியிருப்பான். இரட்டைக் கோபுரம் விழுந்ததிலிருந்து நம் ஆட்கள் எல்லோருமே கொஞ்சம் குனிந்துதான் நடக்கிறோம். நீங்கள் பயந்ததில் தப்பே இல்லை. எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் நடந்தது வேறு மாமா. பக்கத்தில் இருந்து பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

சாலிஹா பத்தாம் வகுப்புக்கு உலக வரலாறு நடத்துகிறாள். இது அவளுக்கு முதல் வருடம். முதல் வருட டீச்சரை அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்வார்களா என்பது மே மாதத்துக்குள்தான் முடிவாகும். பாடத்தில் இரண்டாம் உலகப்போர் வருகிறது. அதில் மரண நடை என்று ஒரு பகுதி. போர் முடியப்போகிற சமயம், ரஷ்யப் படை நெருங்கி வந்ததும், நாஜிகள் முகாம்களைக் காலி செய்து, உள்ளே அடைபட்டிருந்தவர்களை உறைபனியில் நடத்தியே வேறு இடங்களுக்குக் கொண்டுபோனார்கள். மெல்லிய கைதி உடுப்பு, பொருந்தாத மரச் செருப்பு, வயிற்றில் ஒன்றும் இல்லை. பின்தங்கினால் சுட்டுவிடுவார்கள். பல்லாயிரம் பேர் வழியிலேயே இறந்துபோனார்கள். பாடப் புத்தகத்தில் இதற்கெல்லாம் சேர்த்து ஒரே ஒரு வரிதான் இருக்கிறதாம். அந்த வரியைப் படித்துவிட்டு ட்ரெவர் என்ற பையன், "நடக்கத்தானே சொன்னாங்க?" என்று கேட்டானாம். வகுப்பே சிரித்ததாம்.

அவனையும் குறை சொல்ல முடியாது. இந்த ஊரில் யாரும் நடப்பதில்லை. ஒரே பார்க்கிங்கில் இந்தக் கடையிலிருந்து அந்தக் கடைக்குக் காரை எடுத்துக்கொண்டு போவார்கள்.

பிள்ளைகளுக்குப் புரியவைக்க அந்தப் பள்ளியில் ஏற்கெனவே ஒரு வழக்கம் இருந்தது. டேவிட்சன் என்பவர் வரலாற்றுத் துறைத் தலைவர். நல்ல மனிதர், அவர் ஆரம்பித்து வைத்தது. குளிர்காலத்தில் ஒருநாள் பிள்ளைகளை ஜாக்கெட்டைக் கழற்றச் சொல்லி மைதானத்தைச் சுற்றி நடக்க வைப்பார்கள். ஒரு டீச்சர் காவலாளி மாதிரி அதட்டிக்கொண்டே வருவார். தடுமாறினால் அவுட். அவுட் ஆனவர்கள் புல்லில் போய் உட்கார வேண்டும். எல்லாம் முடிந்ததும் பீட்சா. போன வருடப் படங்களை சாலிஹா வீட்டுக்குக் கொண்டுவந்து எனக்குக் காட்டினாள். புல்லில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"செத்துப்போனவங்க இடத்துல உக்காந்து சிரிக்கிறாங்க பாருங்க. அதுங்க மேல தப்பில்ல. பசிச்சா பீட்சா வரும்னு தெரிஞ்சவங்களுக்கு இந்த நடை எப்படிப் புரியும்?" என்றாள். மறுநாள் டேவிட்சனிடம், என் வகுப்புப் பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

அங்கேதான் பேச்சு திரும்பியது. வேறு டீச்சர் மறுத்திருந்தால் ஏன் என்று கேட்டிருப்பார்கள். இவள் மறுத்ததும் யாரும் கேட்கவில்லை. காரணம் தங்களுக்கே தெரியும் என்று நினைத்துக்கொண்டார்கள். முஸ்லிம் டீச்சர் யூதர்கள் பாடத்தை நடத்த மறுக்கிறாள் என்று பெற்றோர் ஒருவர் பள்ளிக்கு இமெயில் அனுப்பிவிட்டார். பிரின்சிபால் அம்மா கூப்பிட்டு, மிகவும் மரியாதையாகத்தான், உங்கள் மத நம்பிக்கைக்கும் இந்தப் பாடத்துக்கும் ஏதாவது இடைஞ்சல் உண்டா என்று கேட்டிருக்கிறார்.

நானாக இருந்தால் கோபப்பட்டிருப்பேன், இல்லையென்றால் கும்பிடு போட்டுவிட்டு மைதானத்துக்கு அனுப்பியிருப்பேன். உங்கள் மகள் இரண்டும் செய்யவில்லை. "இத டீச் பண்ண மாட்டேன்னு நான் சொல்லல மேடம். இப்படி டீச் பண்ண மாட்டேன்னுதான் சொன்னேன். கொஞ்சம் டைம் குடுங்க, நான் எப்படி நடத்துறேன்னு நீங்களே வந்து பாருங்க" என்று சொல்லியிருக்கிறாள். புகார் கொடுத்தவர் யாரென்று அவள் கேட்கவே இல்லை. தெரிந்தால் அந்தப் பிள்ளையைப் பார்க்கும்போது மனசு மாறிவிடும் என்றாள்.

அவள் என்ன செய்தாள் என்று கேளுங்கள் மாமா. எங்கள் வட்டாரத்தின் பெரிய வரைபடம் ஒன்றை வகுப்புச் சுவரில் ஒட்டினாள். அந்தப் போரின்போது ஒரு முகாமிலிருந்து ரயில் நிலையத்துக்குப் பெண்களை நடத்திக்கொண்டு போன தூரத்தை, இவர்கள் பள்ளி வாசலிலிருந்து மேற்கே கோடு போட்டுக் காட்டினாள். கோடு பக்கத்து நகரமான ஃபோர்ட் வொர்த்தையும் தாண்டிப் போனது. காரில் போகவே அலுத்துக்கொள்கிற தூரம். வழியில் தங்களுக்குத் தெரிந்த இடங்களை எல்லாம் குறிக்கச் சொன்னாள். பெட்ரோல் பங்க், பேஸ்பால் மைதானம், சர்ச், பல் டாக்டர். பிறகு ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருக்கிறாள். அந்தப் பாதை ஓரத்திலும் இப்படித்தான் வீடுகள் இருந்தன. ஜன்னலுக்கு உள்ளே இருந்தவர்கள் என்ன செய்திருப்பார்கள்?

திரையை இழுத்து மூடியவர்கள் உண்டு, வேடிக்கை பார்த்தவர்கள் உண்டு, உயிரைப் பணயம் வைத்து ரொட்டியும் தண்ணீரும் கொடுத்தவர்களும், வைக்கோலுக்குள் ஒளித்துவைத்துக் காப்பாற்றியவர்களும் உண்டு என்று அவளே பிறகு சொன்னாள். கெய்ட்லின் என்ற பெண், தன் அத்தை வீடு அந்தக் கோட்டின் மேலேயே இருப்பதைக் கண்டுபிடித்திருக்கிறாள். "எங்க ஆன்ட்டி கதவத் திறந்திருப்பாங்களா, மிஸ்?" என்று கேட்டவள், பிறகு தானே, "நான் திறந்திருப்பேனான்னே தெரியலையே" என்றாளாம். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை என்று சாலிஹா வந்து சொன்னாள்.

அதற்குப் பிறகுதான் இலோனா அம்மையாரைத் தேடிப் போனாள். எழுபத்தெட்டு வயது. ஹங்கேரியில் பிறந்த யூதப் பெண்மணி. பதினாறு வயதில் அப்படி நடத்திக்கொண்டு போகப்பட்டவர். இப்போது டல்லாஸில் தனியாக இருக்கிறார். முதலில் வரமாட்டேன் என்றுதான் சொன்னார். மேடையில் ஏறிச் சொற்பொழிவு செய்ய என்னால் ஆகாது, பிள்ளைகள் கேட்டால் பதில் மட்டும் சொல்கிறேன் என்றார். சாலிஹாவும் அதைத்தான் விரும்பினாள். அவர் முன்பு ஒருமுறை பதிவு செய்து கொடுத்திருந்த பேச்சைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டி, கேள்விகளை எழுதச் சொன்னாள். குளிராக இருந்ததா, ஏன் ஓடிப்போகவில்லை என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிட்டாள். "அவங்க ஏற்கெனவே சொன்னத நல்லா கேட்டுட்டு, அப்புறம் கேளுங்க" என்றாள். எத்தனை முறை திருத்தினார்களோ தெரியாது.

போன வியாழக்கிழமை ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு நான்தான் அம்மையாரைக் காரில் அழைத்து வந்தேன். பள்ளி வாசலிலேயே நிறுத்தப் போனேன். தள்ளி நிறுத்தச் சொன்னார். வயதானவர், காற்று வேறு அடிக்கிறது என்று தயங்கினேன். "நடக்கிறது எனக்கு ரொம்பப் பிடிக்கும் தம்பி. வேணுங்கிறப்ப நின்னுக்கலாம் இல்லையா?" என்று இங்கிலீஷில் சொல்லிச் சிரித்தார். சொன்னபடியே பார்க்கிங்கின் நடுவில் இரண்டு இடத்தில் சும்மா நின்றார். நானும் நின்றேன்.

ஹாலில் பத்தாம் வகுப்பு மொத்தமும் இருந்தது. பிரின்சிபால் அம்மா, டேவிட்சன், பெற்றோர் சிலர் பின்வரிசையில். அந்த இமெயில் அனுப்பியவரும் அவர்களில் இருப்பாரோ என்று நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். சாலிஹா பச்சை முக்காடு போட்டிருந்தாள், நீங்கள் ஹஜ்ஜிலிருந்து வாங்கி வந்ததுதான். இரண்டு வரியில் அம்மையாரை அறிமுகப்படுத்திவிட்டுப் பிள்ளைகளோடு போய் உட்கார்ந்துவிட்டாள்.

அம்மையாரின் பதிவில் ஒரு விஷயம் உண்டு. மூன்று பெண்கள் கைகோத்துக்கொண்டு நடப்பார்களாம். இவரும், இவருடைய சித்தி மகளும், முகாமில் பழகிய இன்னொரு பெண்ணும். இரண்டு பக்கமும் இருப்பவர்கள் இறுக்கிப் பிடித்துக்கொள்ள, நடுவில் நடப்பவள் நடந்தபடியே கொஞ்சம் தூங்கலாம். பிறகு இடம் மாற்றிக்கொள்வார்கள். அதைப் பற்றித்தான் முதல் கேள்வி. கேட்டவன் ட்ரெவர். அடுத்து யார் நடுவில் வருவது என்று எப்படி முடிவு செய்தீர்கள் என்று கேட்டான்.

அம்மையார் அவன் பக்கம் திரும்பி, "யாரும் தனக்கு வேணும்னு கேட்டதில்ல. பக்கத்துல இருக்கிறவ கை கனமானா, அவளுக்குத்தான் அடுத்த முறைன்னு தெரிஞ்சிடும்" என்றார்.

மூன்று பேரும் போய்ச் சேர்ந்தீர்களா என்று ஒரு பெண் கேட்டாள். நான் போய்ச் சேர்ந்தேன் என்றார். அதைப் பற்றி அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது. இன்னும் சில கேள்விகள் வந்தன. பனியைத்தான் தின்றோம் என்றார். ஒரு கிராமத்துப் பெண் வேலிக்கு மேலே வேகவைத்த உருளைக்கிழங்கை வீசியதையும், காவலாளி அவளைத் துப்பாக்கியால் இடித்ததையும், அவள் முகம் இன்றைக்கும் நினைவிருப்பதையும் சொன்னார். கடைசியில் கெய்ட்லின் எழுந்தாள். நடுவில் தூங்கும்போது உங்களுக்குக் கனவு வருமா என்று கேட்டாள்.

அம்மையார் கையிலிருந்த தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு, "இத்தனை வருஷத்துல இத என்கிட்ட யாரும் கேட்டதில்லம்மா. கனவு வந்துச்சு. கனவுலயும் நடந்துக்கிட்டேதான் இருந்தேன்" என்றார்.

யாரும் கைதட்டவில்லை மாமா. பெல் அடித்தும் எழுந்திருக்கவில்லை. சாலிஹா எழுந்து, அடுத்த வகுப்புக்குப் போங்கள் என்று சொன்ன பிறகுதான் ஒவ்வொருவராகப் போனார்கள். ட்ரெவர் மட்டும் அம்மையாரிடம் போய், அவருடைய கோட்டை எடுத்துப் பிடித்துக்கொண்டு நின்றான்.

மைதானத்து நடையை நிறுத்திவிட்டதாக டேவிட்சன் அன்றைக்கே சொன்னார். உங்களிடம் நான் முதலிலேயே ஏன் என்று கேட்டிருக்க வேண்டும் என்று எல்லோர் முன்னாலும் சாலிஹாவிடம் சொன்னார். அடுத்த வருடம் எல்லா வகுப்புக்கும் இந்தப் பாடத்தை அவளே அமைத்துத் தர வேண்டுமாம். அடுத்த வருடம் என்று அவர் வாயால் சொன்னதை நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். சாலிஹா, எழுத்தில் வரட்டும் என்கிறாள். பின்வரிசையிலிருந்து ஒரு அம்மா வந்து அவள் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார். அவர்தான் இமெயில் அனுப்பியவரா, தெரியாது. காரில் வரும்போது நான் அதைப் பற்றிப் பேச்செடுத்தேன். "யாரா இருந்தா என்னங்க" என்று சொல்லிவிட்டு ஜைத்தை டேகேரிலிருந்து எடுக்க நேரமாகிறதே என்று கவலைப்பட ஆரம்பித்துவிட்டாள்.

எனக்கு அவளைக் கட்டிவைத்தவர் நீங்கள். இப்படிப்பட்டவள் என்று அப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும், எனக்குத்தான் இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

இந்தக் கடிதம் எழுதுவது சாலிஹாவுக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமைதோறும் ஜும்ஆ தொழுகை முடிந்து நீங்கள் வீட்டுக்கு வந்திருக்கும் நேரம் பார்த்து, இங்கே நடுராத்திரி தாண்டியும் விழித்திருந்துதான் அவள் போன் செய்கிறாள். வாப்பா வெளியே போயிருக்கிறார் என்று மாமி சொல்லும்போது, பக்கத்தில் நீங்கள் இருமுவது அவளுக்குக் கேட்கிறதாம். அதைப் பற்றி மாமியிடம் ஒரு வார்த்தை சொல்லமாட்டாள். வாப்பா இருமலுக்கு மருந்து சாப்பிடுகிறாரா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாள். பிறகு கொஞ்ச நேரம் சமையலறையை விட்டு வெளியே வருவதில்லை.

இந்தக் கடிதம் கிடைத்த பிறகு வரும் வெள்ளிக்கிழமை, போன் அடித்தால் நீங்களே எடுங்கள் மாமா. வேலையைப் பற்றி எதுவும் சொல்ல வேண்டாம், சரி என்றும் வேண்டாம், தப்பு என்றும் வேண்டாம். அவள் ஸலாம் சொல்வாள். நீங்கள் பதில் ஸலாம் சொன்னால் போதும்.

மாமிக்கு என் ஸலாம். எங்கள் மூவருக்காகவும் துஆ செய்யுங்கள். சாலிஹாவின் பெயரைச் சொல்லித் தனியாக ஒரு துஆவும் கேளுங்கள்.

உங்கள் பதிலுக்கு ஏங்கும் மாப்பிள்ளை,
சிராஜ்