பேப்பர்ல முதல் பேரு

ஜூன் 2, திங்கள்
காலையிலேயே வெயில் கொளுத்துது. காலேஜ் பஸ் எளாவூர் செக்போஸ்ட்ல லாரிக்கு நடுவுல மாட்டிகினு நின்னுச்சு. வேலை: லேப் ரெக்கார்டு திருத்தம், ஆசிட் பாட்டில் ஆர்டர், பொண்ணுக்கு யூனிஃபார்ம்.

பிரின்சிபால் ரிட்டயர்மென்ட். சால்வை, மாலை, ஸ்வீட் பாக்ஸ். "எனக்கப்புறம் கெமிஸ்ட்ரி டிபார்ட்மென்ட் உன் கையிலதாம்மா"ன்னு எத்தனை தடவை சொன்ன மனுஷன். மைக்ல அதைப் பத்தி மூச்சு விடல. அடுத்த பிரின்சிபாலா வர்றது சேர்மனோட மருமகன். பின்னாடி சீட்ல யாரோ, "இனிமே பேஜாருதான்."

ஜூன் 4, புதன்
ஸ்டாஃப் மீட்டிங். ரிசர்ச் பேப்பர் காட்டாதவங்க இந்த மாசத்தோட கிளம்பணுமாம். அதுவும் முதல் பேரு நம்மளோடதா இருந்தாதான் கணக்காம்.

நான் எழுதின அத்தனையிலயும் முதல் பேரு பழைய பிரின்சிபாலோடது. டெஸ்ட் பண்ண தேர்வாய் கண்டிகை கிணத்துத் தண்ணிய கேன்ல புடிச்சு மடியில வெச்சுகினு வந்தது நான். அவரு ஒரு வரி எழுதல. பெரியவரு பேரு முதல்ல, அதான் இங்க வழக்கம். எல்லாரும்தான் போட்டோம். அவரு கேக்கக்கூட இல்ல.

ஜூன் 6, வெள்ளி
அவருக்கு போன் பண்ணேன். நான்தான் எழுதினேன்னு ஒரு வார்த்தை புது பிரின்சிபால்கிட்ட சொல்லுங்க சார்னு கெஞ்சினேன். வேற காலேஜ்ல சேரப் போறாராம், அந்தப் பேப்பருங்க அவருக்கும் வேணுமாம். "எல்லாம் நம்ம பேப்பர்தானேம்மா." வெச்சுட்டாரு.

ஊட்டுக்காரருக்கு கம்பெனில ஷிப்ட் குறைச்சுட்டாங்க. அவர்கிட்ட இதைச் சொல்லல.

புதுப் பேப்பர் ஒண்ணு முடிச்சு வெச்சிருக்கேன். என் பேருதான் முதல்ல. அதை அனுப்பிட்டா பொழைச்சேன். பிரின்சிபால் கையெழுத்து மட்டும் பாக்கி.

ஜூன் 9, திங்கள்
மழை மூட்டம். புது பிரின்சிபால் ரூம். உக்காரச் சொன்னாரு. நல்லா வந்திருக்கு மேடம்னாரு. கையெழுத்து போடல. பேரு இருக்குற எடத்துல பேனாவால தட்டிகினே இருந்தாரு.

வெளிய ஆபீஸ் அக்கா கைய புடிச்சாங்க. "இன்னா மேடம், நேத்து வேலைக்கு வந்த மாதிரி? சார் பேர முதல்ல போட்டு எடுத்துகினு வாங்க. உங்கள பாத்துக்குவாரு."

போட்டா கணக்குல வராது. போடலன்னா கையெழுத்து இல்ல. ஆண்டவரே, நான் எங்க போய் முட்டிக்க?

ஜூன் 11, புதன்
போட்டேன். உடனே கையெழுத்து. சிரிச்சாரு கூட. பேப்பர் போயிடுச்சு.

சாயங்காலம் நோட்டீஸ் போர்டு. கிளம்ப வேண்டியவங்க பேரு ஒட்டியிருக்கு. அதுல என் பேரு முதல்ல.