படிவத்தில் ஏழாவது கேள்வி

பெங்களூர்
4-3-2002

அன்புள்ள ஜோசபின் அக்கா,

உன் ரத்தம் என்னைக் கரையேற்றிவிடும் போலிருக்கிறது! உன்னையும் சேர்த்து மூட்டுவாதக்காரர் பன்னிரண்டு பேரிடம் ரத்தம் எடுத்தேன். நம்மைக் காக்கவேண்டிய செல்களே இந்த நோயில் எலும்பை அரிக்கும் செல்களைத் தூண்டிவிடுகின்றன. அதற்குக் காரணம் அவற்றின் மேலுள்ள ஓர் ஏற்பி, அதாவது ரிசெப்டர். உன் செல்களில் மட்டும் அந்த ஏற்பி குறைவு. சோதனைக்கு வைத்த எலும்புச் சில்லில் குழிகளும் குறைவு. இருபதாம் தேதி கருத்தரங்கில் இதைத்தான் வாசிக்கிறேன்.

ரத்தம் எடுக்கும்போது நான் நிரப்பிய படிவத்தில் ஏழாவது கேள்விக்கு, 'மாத்திரை எதுவும் சாப்பிடவில்லை' என்றாயே, அதுதான் என் கட்டுரைக்கு உயிர்.

உன் தம்பி,
ஜான்

போபோடி, புனே
9-3-2002

தம்பி ஜானுக்கு அக்கா எழுதுவது.

உன் கடிதம் வந்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. உன்னிடம் பொய் சொல்லிவிட்டேன். இரண்டு வருஷமாக ஜம்பு கம்பவுண்டர் தரும் வெள்ளை மாத்திரையைத் தினமும் போடுகிறேன். போட்டால்தான் விரல் மடங்குகிறது. வேலை நிலைக்க பாக்டரி மெடிக்கலில் கையை மூடிக் காட்ட வேண்டுமே! சொன்னால் ஏசுவாய் என்று பயந்தேன். நீயும்தான், எழுதினால் செல், எலும்பு! 'அக்கா, கை எப்படி இருக்கு'ன்னு ஒரு வரி கேட்டியாடே?

போகட்டும். நேற்றோடு மாத்திரையை நிறுத்திவிட்டேன். பதினெட்டாம் தேதி வா, சுத்தமான ரத்தம் தருகிறேன்.

ஜோசபின்

பெங்களூர்
13-3-2002

அக்கா,

உடனே மாத்திரையைப் போடு! அது ஸ்டீராய்டாகத்தான் இருக்கும். வருஷக்கணக்கில் போட்டதைச் சட்டென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. ஜம்பு கடைக்கு ஐந்து தடவை போன் அடித்தும் யாரும் எடுக்கவில்லை. தபாலை நம்பாமல், என்னோடு ஆராய்ச்சி செய்யும் மகாதேவனை இந்தக் கடிதத்தோடு இன்றைய ரயிலில் அனுப்புகிறேன். அவனோடு ஆஸ்பத்திரிக்குப் போ.

ஏற்பியைக் குறைத்தது அந்த மாத்திரைதான். கட்டுரை அச்சாகிவிட்டது. இருபதாம் தேதி சபையில் நின்று 'தப்பு' என்று சொல்லிவிட்டு மறுநாளே வருகிறேன். ஆராய்ச்சிப் பட்டம் தள்ளிப்போகும், போகட்டும்.

நான் கேட்காமல் விட்டது பெரிய தப்பு. கை எப்படி இருக்கிறது அக்கா?

ஜான்

புனே, ஆஸ்பத்திரி
17-3-2002

என் ராசா ஜானுக்கு,

மகாதேவன் கதவைத் தட்டியபோது எனக்கு எழுந்திருக்கக்கூடத் தெம்பில்லை. தாழ்ப்பாளை உடைத்துத்தான் தூக்கி வந்தான். 'ஒரு நாள் பிந்தியிருந்தா ஆள் கிடைச்சிருக்க மாட்டாங்க' என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னான். இப்போது கஞ்சி குடிக்கிறேன். நாளைக்கு பாக்டரி மெடிக்கல், போகப்போவதில்லை.

கேட்டாயே, அதற்குப் பதில்: வலது கையில் நாலு விரல் மடங்கவில்லை. இந்தக் கடுதாசி எழுத ஒரு பகல் ஆயிற்று.

வரும்போது புதுப் படிவம் ஒன்று கொண்டுவா. ஏழாவது கேள்விக்கு நானே எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

அக்கா