அண்ணன் கேட்ட சாட்சிக் கையெழுத்து

1974 ஜூன் 10, திங்கள்

பள்ளி திறந்தாகிவிட்டது. வெயில் மட்டும் இன்னும் லீவில் போகவில்லை. எனக்கு இந்த வருஷமும் ஐந்தாம் வகுப்பு. அறுபத்து மூன்று பேர், பெஞ்சு நாற்பது பேருக்கு. சாக்பீஸ் வந்து சேரவில்லை.

இடைவேளையில் அண்ணன். பள்ளிக்கே வந்துவிட்டார். கையில் ஓலையில் கட்டிய நுங்கு. அப்பா போய் ஒரு வருஷம், நைனாவின் திதியில் இரண்டு பேரும் ஒன்றாக அழுதோம்; அதன் பிறகு நாலு மாதமாக இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவர். மணவாள நகரில் வீடு இருக்கிறது. அங்கே வராமல் பள்ளிக்கு ஏன்? வீட்டில் என் வீட்டுக்காரர் இருப்பார் என்றா? இவருக்கு இந்த வாரம் இரவு ஷிப்ட், பகலில் வீட்டில்தான். அது அண்ணனுக்கு எப்படித் தெரியும்?

பேசியது அப்படியே:

"வெள்ளிக்கெழம ரிஜிஸ்டர் ஆபீசாண்ட வந்துடு மா. ஒரு விட்னஸ் கையெழுத்து. அஞ்சு நிமிஷ வேல."

"எதுக்கு விட்னஸ்?"

"கழனில என் பாதிய வித்துடறேன். பேக்டரி கட்றவங்க வாங்கறாங்க. முதுகு போயிடுச்சு மா, ஏர் புடிக்க முடியல. கேட்டாண்ட ஒக்கார்ற வேல குடுக்கறேன்னு சொல்லிகீறாங்க. ஆனா நீ விட்னஸ் போட்டாத்தான் வாங்குவாங்களாம்."

நான் போட்டால்தானாம். ஏன், ஊரில் கையெழுத்துப் போடத் தெரிந்த ஆளே இல்லையா?

மறக்காமல் இருக்க எழுதிவைக்கிறேன். கவரைப்பேட்டைக்குக் கிழக்கே நைனா தன் உழைப்பில் வாங்கிய இரண்டு ஏக்கர். பட்டா இன்னும் நைனா பெயரில். சாகும் முன் வாயால் சொன்னது: தெற்குப் பாதி அண்ணனுக்கு, கிணறு இருக்கும் வடக்குப் பாதி எனக்கு. எழுத்தில் ஒன்றும் கிடையாது. இரண்டு பாதியிலும் பயிர் வைப்பது அண்ணன். அறுவடை ஆனால் என் பங்கு அரிசி வந்து சேரும். கிணறு போனால் என் பாதி வெறும் மேடு.

நுங்கு நல்ல இளசு. அதுவும் சந்தேகம்தான்.

ஜூன் 11, செவ்வாய்

புழுக்கம். மழை வருகிற மாதிரி போக்குக் காட்டிவிட்டுப் போயிற்று.

பள்ளி அகராதியில் பார்த்தேன். விட்னஸ்: நேரில் கண்டவர். சாட்சி சொல்பவர். பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்து இடுபவர். அவ்வளவுதான். அண்ணன் கையெழுத்துப் போடுவதை நான் கண்ணால் பார்க்க வேண்டும், பார்த்தேன் என்று கீழே எழுத வேண்டும். அதற்கு எதற்கு நுங்கு?

இன்று காதில் விழுந்தவை:

– ரயில்வே கேட்டில், லாரி உரசிய சைக்கிள்காரர்: "இம்மாம் பேரு நின்னுக்கினு கீறாங்க, விட்னஸுக்கு ஒருத்தன் வர்றானா பாரு." எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள். நானும்தான்.

– சரோஜா டீச்சரின் தங்கைக்கு ரிஜிஸ்டர் கல்யாணம். விட்னஸ் போட்டவர் டீ குடிக்க வந்தவராம். மாப்பிள்ளையை அன்றுதான் முதலில் பார்த்தாராம்.

– இவர். தொழிற்சாலை ஸ்டோரில் போன வருஷம் ஒரு மோட்டார் காணாமல் போய் என்கொயரி. அந்த நேரத்தில் இவர் கேன்டீனில். இருந்தும் விட்னஸ் என்று கையெழுத்து. "சூப்பர்வைசர் போடச் சொன்னாரு, போட்டேன். இதுல இன்னா கீது?" காணாததைக் கண்டேன் என்று எழுதிக் கொடுத்தவரோடு பதினோரு வருஷக் குடித்தனம்.

– சரோஜா டீச்சர் திருவாலங்காட்டுக்காரி. அவள் ஊர்ப் பக்கம் முன்னொரு காலத்தில் எழுபது பேர் ஒரு வியாபாரியின் உயிருக்கு நாங்கள் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்து, அவன் உயிர் போய்விட்டதால் எழுபது பேரும் தீயில் இறங்கினார்களாம். "எங்க ஊர்ல சாட்சின்னா ரெண்டு தபா யோசிப்பாங்க டீச்சர்" என்று சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சாயங்காலம் இவரிடம் விஷயத்தைச் சொன்னேன். "போட்டுடேன் டீச்சர், அண்ணன்தானே." இவ்வளவு சீக்கிரம் ஏன் போடச் சொல்கிறார்? அண்ணன் முன்பே வந்து பேசிவிட்டாரா? முகத்தைப் பார்த்தேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர். ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஜூன் 12, புதன்

அரை நாள் லீவு. காரணம்: பல்வலி. பொய். பெரிய டீச்சர் நம்பினதாகத் தெரியவில்லை.

திருவள்ளூர் கோர்ட் பக்கம், மரத்தடியில் பத்திரம் எழுதும் ரைட்டர். நாற்பது வயது இருக்கலாம். வாய் நிறைய வெற்றிலை, பேச்சில் அவசரம். யாரோ ஒருத்திக்காகக் கேட்பது போலக் கேட்டேன்: அண்ணன் விற்கிறார், தங்கை சாட்சி போட்டால் என்ன ஆகும்?

"உங்க அண்ணனா?"

இல்லை என்றேன். இரண்டாவது பொய்.

"சட்டத்துல சாட்சின்னா கையெழுத்தப் பாத்தவன், அவ்ளோதான் மா. உள்ள இன்னா எழுதிகீதுன்னு அவனுக்குத் தெரியணும்னு இல்ல. ஆனா நம்ம பக்கத்துல பங்காளியையும் கூடப் பொறந்தவங்களையும் தேடிப் புடிச்சு சாட்சி போட வெக்கிறது எதுக்கு? நாளைக்கு எனக்கும் பாத்தியம் கீதுன்னு வந்து நிக்கக் கூடாதுன்னுதான். எனக்குத் தெரியாதுன்னு கோர்ட்டுல சொல்லலாம். ஊர்ல எவன் நம்புவான்?"

"போடலன்னா?"

"போடாதவங்க வாய அடைக்க முடியாது. ஆனா அந்தம்மாவ மொதல்ல படிச்சுப் பாக்கச் சொல்லு. ஸ்டாம்பு பேப்பரத் திருப்பியும் பாக்கணும். அந்தப் பேப்பர யாருக்கு வித்தேன், என்னிக்கி வித்தேன்னு ஸ்டாம்பு விக்கிற வெண்டர் பின்னாடி எழுதியிருப்பான். சொல்ற கதையும் அந்தத் தேதியும் ஒத்துப் போவுதான்னு பாத்தாலே பாதி வெளங்கிடும்."

கிளம்பும்போது, "பல்லு வலியா மா?" என்றார். கன்னத்தில் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தேன் போல.

முடிவு: போடமாட்டேன்.

பஸ்ஸில் வரும்போது இன்னொன்று தோன்றியது. படித்தாலே தெரிந்துகொண்டதாக ஆகிவிடாதா? எனக்குத் தெரியாது என்று நாளைக்குச் சொல்ல வேண்டுமானால், நிஜமாகவே தெரியாமல் இருக்க வேண்டும். அதனால் படிக்கவும் கூடாது. இதை ரைட்டர் சொல்லவில்லை. நானே கண்டுபிடித்தது. வீடு வரும் வரை என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

ஜூன் 13, வியாழன்

லேசான தூறல். கொடியில் துணி நனைந்துவிட்டது.

ஆறு மணிக்கு அண்ணன் வந்தார். வீட்டுக்கே. கையில் மஞ்சள் பை.

"எழுதிக் கொணாந்துகீறேன் மா. நாளைக்கு அவசரத்துல முடியாது. நீ டீச்சர், பொறுமையா படிச்சுப் பாரு."

பையை என் பக்கம் நகர்த்தினார். நான் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன். நான் தொட்டால் அதைப் பார்த்ததாகச் சாட்சி சொல்ல இவர் ஒருத்தர் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாரே.

"வேணாம்ணா. நான் போடல."

"படிச்சுட்டு வேணாம்னு சொல்லு."

"படிக்கவும் மாட்டேன்."

இவர் குறுக்கே வந்தார்: "இன்னா டீச்சர், கிளாசுல அத்தினி பேரையும் படி படின்னு உசிர வாங்கற. ஒரு பேப்பர் படிக்கறதுல உனக்கு இன்னா பேஜாரு?"

இன்றைக்கும் அண்ணன் பக்கம்தான். குறித்துவைக்கிறேன்.

அண்ணன் பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "நைனா சொன்னத நான் மாத்திடுவேன்னு நெனைக்கிறியா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். காபியை அவர் பக்கம் நகர்த்தினேன்.

காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார். அது நடிப்போ என்று கதவருகே நின்று பார்த்தேன். தெருமுனை திரும்பும் வரை அப்படியேதான் நடந்தார்.

ஜூன் 14, வெள்ளி

போகவில்லை.

கணக்குப் பாடம். ஏழெட்டு ஐம்பத்து நாலு என்று பலகையில் எழுதிவிட்டேன். முதல் பெஞ்சுப் பெண் எழுந்து சொல்லும் வரை எனக்குத் தெரியவில்லை.

பதினொரு மணி: இந்நேரம் ரிஜிஸ்டர் ஆபீசில் இருப்பார்கள். பன்னிரண்டு: முடிந்திருக்கும். எனக்குப் பதில் யார் போட்டிருப்பார்கள்? அண்ணியா? இல்லை, என் பெயரிலேயே வேறு யாராவது போட்டுவிட்டால்? இது ஏன் முன்பே தோன்றவில்லை?

வாங்க வேண்டியவை: து. பருப்பு, சீயக்காய், தாழ்ப்பாளுக்கு ஆணி. எதுவும் வாங்கவில்லை.

ஜூன் 15, சனி

காலையில் ஷிப்ட் முடிந்து வந்த இவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. ஸ்டோரில் கூட வேலை செய்கிறவர் ஒருவர் கவரைப்பேட்டைக்காரர். அவர் சொன்னதாம்.

பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை அண்ணன் ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் நின்றிருக்கிறார். வாங்க வந்தவர்கள், "தங்கச்சி வரலன்னா இன்னாவோ வில்லங்கம் கீது" என்று எழுந்து போய்விட்டார்கள். சாயங்காலமே பக்கத்துக் கழனிக்காரரின் நிலத்தை வாங்க அவர்கள் பேசி முடித்தாயிற்று. கேட் வேலையும் அவருக்கே.

"ஒவ்வொரு பஸ்ஸா பாத்துக்கினு இருந்தாராம் உங்க அண்ணன். நீ எறங்குவன்னு."

நான் கேட்டது, வெட்கமாக இருந்தாலும் எழுதுகிறேன்: "நீங்களும் அவரும் முன்னாடியே பேசி வெச்சுக்கினீங்களா?"

இவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குளிக்கப் போனார். நாஷ்டா ஆறிப்போயிற்று.

வில்லங்கம் என்று அவர்கள் சொன்னது என்னைத்தான்.

ஜூன் 16, ஞாயிறு

முதல் பஸ். பெரியபாளையம் போய் மாறி, மறுபடி மாறி. பேனாவில் மை நிரப்பி எடுத்துப் போனேன். வாங்குகிறவர்கள் மனம் மாறித் திரும்பி வந்தால் போட்டுவிடலாம் என்று. வரமாட்டார்கள் என்று தெரியும்.

அண்ணி "வா" என்றதோடு சரி. அண்ணன் கழனியில் என்று கையைக் காட்டினார். எப்போதும் நான் வந்தால் முதலில் தட்டு வைப்பவர்.

வரப்பில் நடந்து போனேன். அண்ணன் கிணற்றடியில், மண்வெட்டியோடு. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

"வா மா. உன் கெணத்துலேர்ந்து என் பக்கம் தண்ணி உட்டுக்கினு கீறேன். உடலாம் இல்ல?"

"இன்னாண்ணா இப்டி கேக்கற."

"கேட்டுக்கறது நல்லது. நாளைக்கு நீ இல்லன்னு சொன்னா எனக்கு விட்னஸ் யாரு?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

மோட்டார் கொட்டகை ஆணியில் அந்த மஞ்சள் பை. நான் கேட்காமலே எடுத்துக் கொடுத்தார். "இப்ப படிக்கலாம். இனிமே இது வெறுங்காயிதம், உன்ன ஒண்ணும் பண்ணாது."

நின்றபடியே படித்தேன். விற்பது தெற்குப் பாதி மட்டும். நான்கு எல்லை: கிழக்கே வாய்க்கால். மேற்கே வண்டிப்பாதை. தெற்கே பக்கத்துக் கழனி. வடக்கே, "எங்கள் தகப்பனார் பாகம் செய்து கொடுத்தபடி என் தங்கை கஸ்தூரிக்குப் பாத்தியமான கிணறும் கழனியும்."

அந்த வரியை மூன்று முறை படித்தேன். என் பெயர், கிணறு, கழனி மூன்றும் ஒரே வரியில் இருந்தன.

"உன்னுதுன்னு எங்கயும் எழுத்துல இல்லியே மா" என்றார், மடையைப் பார்த்தபடி. "இது ரிஜிஸ்டர் ஆயி, நான் கையெழுத்துப் போட்டு, பக்கத்துல நீ விட்னஸ் போட்டிருந்தா, நாளைக்கு என் புள்ளைங்ககூட மாத்திப் பேச முடியாது. அந்த வரிய நான்தான் சொல்லி எழுத வெச்சேன்."

மன்னிப்புக் கேட்க வேண்டும். அதற்குத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் என் கை தாளைத் திருப்பிவிட்டது. நான் முடியாது என்று சொன்ன பிறகு, என்னைக் குத்திக்காட்டப் புதிதாக வாங்கி எழுதியதோ என்று.

பின்பக்கம் வெண்டரின் கிறுக்கல். அண்ணன் பெயர். ஜூன் 8. நுங்கோடு பள்ளிக்கு வருவதற்கு இரண்டு நாள் முன்பு.

நிமிர்ந்தேன். தண்ணீர் மடையை உடைத்துக்கொண்டு வரப்பில் ஏறிக்கொண்டிருந்தது. அண்ணன் அதைக் கட்டாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தேதி சரியா கீதா மா?"

சரியாக இருக்கிறது என்றேன்.