கேக் டின்னுக்குள் ஒரு சேர்வர்

7 ஜூன் 2025, சனி

இன்றைய வகுப்பும் நாசம். டொரொண்டோவில் காலை பத்து மணி, இங்கே டிக்கோயா தேயிலைத் தோட்டத்தில் மாலை ஏழரை. ஒன்பது பிள்ளைகள் திரையில் உட்கார்ந்து என்னிடம் தமிழ் கேட்க வேண்டும். கேட்பதோ எங்கள் பழைய கம்ப்யூட்டரின் காற்றாடி இரைச்சலை. ஏழு வயது ஆரூரன் கையை உயர்த்தி, "ரீச்சர், உங்கட வீட்டுக்குள்ள பிளேன் நிக்குதோ?" என்றான். மற்ற எட்டும் விழுந்து விழுந்து சிரித்தன.

வகுப்பை ஒழுங்கு செய்யும் சிவதர்சினி பிறகு தனியாக அழைத்தார். டொரொண்டோவிலேயே இருக்கும் யாழ்ப்பாணத்துப் பெண். கோபப்படாமல்தான் சொன்னார்: "பிள்ளையளுக்கு ஒண்டும் விளங்கேல்லையாம், மெரினா ரீச்சர். அடுத்த மாசத்துக்குள்ள சரிப்படுத்துங்கோ. இல்லாட்டி நான் வேற ஆளைத்தான் பாக்கோணும்."

பாடசாலை நியமனம் எனக்குக் கிடைக்கவேயில்லை. இந்த உலகத்தில் என்னை டீச்சர் என்று கூப்பிடுவது அந்த ஒன்பது பேர்தான். அவர்களும் போய்விட்டால் நான் பழையபடி 'கிளாக்கரையா வீட்டு அம்மா'. பயமாக இருக்கிறது.

8 ஜூன், ஞாயிறு

மாதா கோயில் பூசை முடிந்து வரும் வழியில் தோட்டத்துக் கிளாக்கரையா, அதாவது என் கணவர் மேர்வின், தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"புதுசா வாங்கறதெல்லாம் வேஸ்ட், மெரினா. நானே செஞ்சு தர்றேன். காத்தாடியே இல்லாத கம்ப்யூட்டர். ஒரு பல்பு எரியிற கரண்டு போதும். ராவும் பகலும் ஓடும். அதுலயே சேர்வரும் இருக்கும்."

"சேர்வர் எதுக்குங்க?"

"வீட்டுல உள்ளது எல்லாத்தையும் பத்திரமா வைக்க."

வீட்டில் உள்ளது: எங்கள் கல்யாண வீடியோ, அப்புறம் தலவாக்கலையிலிருந்து அவருடைய அண்ணன் லியனார்ட் தினமும் அனுப்பும் காலை வணக்கப் படங்கள்.

போன வருடம் அயன் பெட்டியைத் திருத்தியவரும் இவர்தான். அன்றிலிருந்து நாங்கள் சுருக்கத்தோடுதான் கோயிலுக்குப் போகிறோம். ஆனாலும் சரி என்றேன். பழைய கம்ப்யூட்டரையும் தண்ணீர் சுடவைக்கும் கேத்தலையும் ஒன்றாகப் போட்டாலே இந்தக் குவார்ட்டர்ஸில் கரண்ட் விழுந்துவிடுகிறது. வேறு வழி எனக்கும் தெரியவில்லை.

15 ஜூன்

இன்னும் வீடியோதான் பார்க்கிறார். பார்த்தே செய்ய முடியுமென்றால் இதற்குள் நாலைந்து செய்திருப்பார்.

22 ஜூன், ஞாயிறு

கொழும்பிலிருந்து பார்சல் வந்துவிட்டது. உள்ளே உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு பலகை. மூளையும் அதிலேயே ஒட்டியிருக்கிறதாம். மேலே சூடு இறங்குவதற்கு அலுமினியச் சீப்பு மாதிரி ஒன்று. காற்றாடி இல்லை. உண்மையிலேயே இல்லை, திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

வந்த நம்பிக்கை பின்னேரமே போய்விட்டது. "இதுக்குன்னு கேஸ் பெட்டி வாங்கறதெல்லாம் கொழும்புக்காரங்க வேலை" என்று சொல்லி, என் கிறிஸ்மஸ் கேக் டின்னை எடுத்துக்கொண்டார். மூடியில் பனி மூடிய ஓர் இங்கிலீஷ் வீடு இருக்கும். அதன் கூரை முழுக்கத் துளை போட்டாகிவிட்டது, சூடு போகவாம். இனி கேக்கை அவர் தலையில்தான் வைக்க வேண்டும்.

28 ஜூன், சனி

பழைய கம்ப்யூட்டரிலிருந்த ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி டின்னுக்குள் முறுக்கியிருக்கிறார், சேர்வருக்கு இடம் வேண்டுமாம். காற்றாடி சத்தம் இல்லைதான். அதற்குப் பதிலாக டக டக டக. டின் அதை வாங்கி இரண்டு மடங்காகத் திருப்பித் தருகிறது. பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துவிட்டுப் போன ராக்காயி ஜன்னலில் எட்டிப் பார்த்து, "என்னம்மா, ஐயா உள்ள தையல் மெசின் ஓட்டுறாரா?" என்று கேட்டாள்.

ஐயா கேட்காத மாதிரி இன்னொரு ஆணியை முறுக்கினார். வகுப்பைக் கைப்பேசியில் நடத்தினேன். பாதியில் இணைப்பு அறுந்தது. சிவதர்சினி சொன்ன 'அடுத்த மாசம்' வருகிற செவ்வாயே பிறக்கிறது.

1 ஜூலை

கோயிலுக்குப் புறப்படும்போது என் உள்பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. தேடிப் போனால், அதன் லாஸ்டிக் கேக் டின்னுக்குள். ஹார்ட் டிஸ்க்கைத் தொட்டில் மாதிரி அந்தரத்தில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்.

"அதிர்வு டின்னுக்குப் போகாது பாரு" என்கிறார். முகத்தில் வெட்கம் என்று ஒன்று கிடையாது.

காதை வைத்துக் கேட்டேன். போகவில்லை. சத்தமே இல்லை!

5 ஜூலை, சனி

வகுப்பு அருமை. நான் பெருமூச்சு விட்டாலும் அங்கே கேட்கிறது. "ரீச்சர், அங்க மழையோ?" என்று கேட்டான் ஆரூரன். கூரையில் பெய்கிற மழையை இத்தனை மாதத்தில் இன்றைக்குத்தான் கேட்டிருக்கிறார்கள். கடைசியில் சிவதர்சினி வந்து, "இப்ப வடிவாக் கேக்குது. லீவு முழுக்க, கிழமை நாளிலயும் வகுப்பு வைப்பமோ எண்டு யோசிக்கிறன். வாற சனி நானும் இருந்து பாத்திட்டுச் சொல்லுறன்" என்றார்.

தினமும் வகுப்பு! மேர்வினுக்கு மனதார நன்றி சொன்னேன். சொல்லியிருக்கக்கூடாது. நாளை கோயிலில் சாமியார் முதல் பீடச் சிறுவர்கள் வரை எல்லோரும் கேக் டின்னைப் பற்றிக் கேட்கப் போகிறார்கள்.

ஒவ்வொரு வகுப்பும் தானாகவே சேர்வரில் பதிவாகிறதாம், வராத பிள்ளைகள் பிறகு பார்க்கலாம். "ஒருதடவ உள்ள போனா எதுவும் அழியாது. ரெண்டு காப்பி வேற" என்று மார்பைத் தட்டிக்கொண்டார்.

12 ஜூலை, சனி

எழுதவே ஆத்திரமாக வருகிறது. எழுதத்தான் போகிறேன்.

எங்கள் இரண்டு அறைக்கும் நடுவே பலகைத் தடுப்பு, அதுவும் கூரை வரை எட்டாது. வகுப்பு நேரத்தில் அந்தப் பக்கமிருந்து லியனார்ட் அண்ணனோடு போனில் கதைப்பது மேர்வினின் வழக்கம். காற்றாடி போய்விட்டது. அதற்கு மேலாகக் கத்திப் பழகிய தொண்டை போகவில்லை. சிவதர்சினி திரையின் மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். பிள்ளைகள் மௌனமாக வாசிக்கிறார்கள். அப்போது வந்தது:

"அட, அவ கிளாஸா? அது சும்மா பொழுதுபோக்குண்ணே. பாவமேன்னு நாந்தான் மெசின் செஞ்சு குடுத்தேன். ரெண்டு மாசத்துல அலுத்துப்போயிரும். அப்புறம் முழுசா எனக்குத்தான்."

ஒன்பது தலையும் நிமிர்ந்தன. ஆரூரன் கையை உயர்த்தினான்.

"ரீச்சர், பொழுதுபோக்கு எண்டா என்ன?"

காது இரண்டும் சுட்டது. அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கலாம். போகவில்லை.

"நல்ல கேள்வி. வேலை இல்லாத நேரத்தில் விருப்பத்துக்காகச் செய்வது பொழுதுபோக்கு. உதாரணம் எழுதுங்கள்: கேக் டின்னுக்குள் கம்ப்யூட்டர் செய்வது மாமாவின் பொழுதுபோக்கு. அதில் பாடம் சொல்லித் தருவது டீச்சரின் வேலை. எங்கே, எல்லோரும் சத்தமாக வாசியுங்கள்."

வாசித்தார்கள். இவ்வளவு ஒற்றுமையாக அவர்கள் எதையும் வாசித்ததில்லை. தடுப்புக்கு அந்தப் பக்கம் பேச்சு நின்றது.

வகுப்பு முடிந்தது. சிவதர்சினி தினமும் வகுப்பு என்ற பேச்சையே எடுக்காமல் போய்விட்டார். போச்சு, எல்லாம் போச்சு. பதினோரு வருசம் ஒரே வீட்டுல சோறாக்கிப் போட்டு என்ன — இந்த மனுசன் வாயில நான் பொழுதுபோக்கா? அழுதேன். அவர் காதில் விழட்டும் என்றே அழுதேன்.

13 ஜூலை, ஞாயிறு

கோயிலிலிருந்து வந்து, சாப்பாட்டுக்குப் பிறகு தொண்டையைச் செருமினார்.

"நேத்து கிளாஸ மட்டும் அழிச்சிரு, மெரினா. கனடா முழுக்கக் கேப்பாங்க."

"ஒருதடவ உள்ள போனா அழியாதுன்னு நீங்கதானேங்க சொன்னீங்க. ரெண்டு காப்பி வேற."

மன்னிப்புக் கேட்பார் என்று பார்த்தேன். எழுந்துபோய்ச் சட்டியைக் கழுவினார். இவர் சட்டி கழுவி நான் பார்த்ததில்லை, அழுக்கும் போகவில்லை. மன்னிப்பு அதில் இருந்ததா? இருந்திருக்கலாம். வாயால் கேட்டால் என்ன குறைந்தா போய்விடும்?

15 ஜூலை

கையில் ஒரு குட்டிக் காற்றாடியோடு வந்தார். "டின்னு ரொம்ப சூடாகுது. இது ஒண்ணப் பூட்டினா நல்லது" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பது மாதிரி டின்னைத் தொட்டுப் பார்த்தேன். சூடே இல்லை. சத்தம் மனிதனுக்கு எவ்வளவு வசதி என்று இப்போதுதான் தெரிந்திருக்கிறது பாவம். பூட்ட விடவில்லை.

17 ஜூலை, வியாழன்

சிவதர்சினி அழைத்தார். நான் மன்னிப்பில் தொடங்கினேன். முடிக்க விடவில்லை.

"விடுங்கோ ரீச்சர். என்ர மனிசனும் இப்பிடித்தான் கதைக்கிறவர். எங்கட வீட்டில அவ்வளவு வடிவாக் கேக்கிறேல்ல, அவ்வளவுதான். வாற திங்களில இருந்து தினமும் தொடங்குவம்."

இருவரும் சிரித்தோம். வைத்த பிறகுதான் கண் கலங்கியது. மேர்வினிடம் நேரத்தை மட்டும் சொன்னேன். தலையாட்டினார்.

28 ஜூலை, திங்கள்

இரண்டாவது வாரம். நல்ல மழை, வகுப்பு பாதியில் போய்க்கொண்டிருந்தது. அவருடைய போன் அடித்தது. செருப்பு சமையலறைப் பக்கம் ஓடியது, கதவு சாத்தியது. லியனார்ட் அண்ணனாகத்தான் இருக்கும். ரகசியம் பேசுகிறாராம். இவருடைய ரகசியம் கோயில் ஒலிபெருக்கி மாதிரி.

"அண்ணே, அப்புறமா எடுக்கிறேன். மெரினா வேலையில இருக்கா."

பிள்ளைகளுக்கும் கேட்டிருக்கும். யாரும் அர்த்தம் கேட்கவில்லை. நானும் நிறுத்தாமல் அடுத்த வரியை வாசித்தேன்.