ஐஸ் மைதானக் கதவைத் திறந்துட்டாங்க, கோலி

என் கோலி அத்தான்,

சௌக்கியமான்னு கேட்கப் போறதில்லை. வலி இல்லாத இடத்துல இருக்கீங்க, அது போதும் எனக்கு. உங்ககிட்டச் சொல்ல வேண்டிய சேதிதான் சேர்ந்து சேர்ந்து நெஞ்சுக்குள்ள இடம் பத்தலை. தமிழ் மன்றத்து மலருக்கு ஏதாச்சும் எழுதிக் குடுங்க ஆன்டின்னு வந்து கேட்டாங்க. எட்டாங்கிளாஸ் படிச்சவ என்னத்தை எழுதன்னு முழிச்சேன். அப்புறம் உங்களுக்கே எழுதிடலாம்னு தோணுச்சு. நம்ம மக ஷீலாவுக்குத் தமிழ் வாசிக்க வராது, அதனால தைரியமாவே எழுதலாம்.

உங்களை ஏன் கோலின்னு கூப்பிடுறேன்னு வாசிக்கிறவங்களுக்கு விளங்காது. கோவில்பட்டியில ஹாக்கி மட்டை பிடிக்காத பையன் கிடையாது. நீங்க கோல்கீப்பர். அது சுருங்கி கோலி ஆயிடுச்சு, ஊர் மொத்தத்துக்கும் நீங்க கோலிதான். நம்ம கல்யாணப் பத்திரிகையில தங்கராஜ்னு போட்டிருந்ததைப் பார்த்துட்டு, "உன் அத்தானைத்தான் கட்டிக்கப் போறேன்னு சொன்ன, இது யாருடி புது மாப்பிள்ளை?"ன்னு என் கூட்டாளிங்க கேட்டாளுக.

முதல் சேதியைச் சொல்லிடுறேன். நீங்க அவ்வளவு எதிர்பார்த்த ஐஸ் ஹாக்கி சீசன் வரவே இல்லை அத்தான்.

பொங்கல் கழிச்சு நீங்க போனீங்க. அன்னைக்கு வரைக்கும் டீம் முதலாளிங்களுக்கும் ஆடுறவங்களுக்கும் பேச்சுவார்த்தை நடக்குதுன்னுதான் டிவியில சொல்லிக்கிட்டு இருந்தாங்க. "பாருட்டி, பாதி சீசனாவது ஆடுவானுக"ன்னு சொல்லிட்டுத்தான் நீங்க தூங்கினீங்க. அடுத்த மாசம் கோட்டு போட்ட ஒருத்தர் டிவியில வந்து மொத்த சீசனும் ரத்துன்னுட்டார். ஒரு மேட்ச்கூடக் கிடையாது. அந்த வருஷத்துக் கப்பு யாருக்கும் கிடையாது.

உங்களுக்குக் கோபம் வந்திருக்காது. உங்களுக்கு எதுக்குத்தான் வந்துச்சு? எனக்கு வந்துச்சு. ரிமோட்டை சோபாவுல விட்டெறிஞ்சு, "அடப் பாவிகளா, உங்களுக்கு அடுத்த வருஷம் இருக்குடா, எங்க அத்தானுக்கு இந்த ஒரு வருஷந்தானேடா இருந்துச்சு"ன்னு கத்தினேன். பக்கத்து அப்பார்ட்மென்ட்டுப் பொண்ணு கதவைத் தட்டி, "ஆன்டி, ஆர் யூ ஓகே?"ன்னா. "ஹாக்கி"ன்னேன். அவளுக்கு என்ன புரிஞ்சுதோ, மெதுவா பின்னாடியே நடந்து போயிட்டா.

நம்ம எப்படி இந்த ஐஸ் ஆட்டத்துக்குள்ள வந்து விழுந்தோம்னு நினைச்சா இன்னைக்கும் சிரிப்பு வருது. சான் ஹோசேக்கு வந்த புதுசு. கம்பெனியில யாரோ ஹாக்கி டிக்கெட் இருக்குன்னு சொல்லவும் ஓடிப்போய் வாங்கிட்டு வந்தீங்க. நீங்க அரைக்கைச் சட்டை, நான் மெல்லிசு வாயில் சேலை. மைதானத்துப் புல் எப்படி இருக்கும், செருப்பைக் கழட்டி நடந்து பார்க்கணும்னு வழியெல்லாம் பேச்சு. உள்ள போனா புல்லா இருந்துச்சு? கண்ணாடி மாதிரி ஐஸ். வாயைப் பிளந்துக்கிட்டு நின்னீங்க. "ஏட்டி, தண்ணி உறைஞ்சு கிடக்கு, இதுல வழுக்கி விழாம எப்படி ஆடுவானுக?" குளிர்ல பல்லு தந்தி அடிக்குது, ரெண்டு பேரும் என் முந்தானைக்குள்ள ஒடுங்கி உட்கார்ந்தோம். பின் வரிசையிலிருந்து ஒரு வெள்ளைக்காரம்மா தன் கம்பளியைத் தூக்கி நம்ம மேல போட்டுச்சு.

அதுதான் டோனா. ஸ்கூல் பஸ் ஓட்டுற டோனா. புஷ்பம்னு சொல்ல வாய் வராம என்னை "புஷ்"னு கூப்பிட ஆரம்பிச்சா. "உன் பேரை அமெரிக்கா பூரா கதவுல எழுதி வச்சிருக்கான் பாருட்டி"ன்னு கடைக்குக் கடை காட்டிச் சிரிச்சீங்க. அடுத்த வருஷம் அவ பக்கத்துலயே சீசன் பூராவுக்கும் நமக்கும் ரெண்டு சீட் பிடிச்சோம். வெளிச் சாப்பாடு கூடாதுன்னு போர்டு இருக்கும். நம்ம கடலை மிட்டாய் என் கைப்பைக்குள்ள ஒளிஞ்சு உள்ள போகும், வரிசை முழுக்கக் கைமாறும். எல்லாரும் அந்தக் கறுப்பு வட்டு போற பக்கம் பார்ப்பாங்க. நீங்க கோல்கீப்பரை மட்டும் பார்ப்பீங்க. நான் ஆட்டக்காரனுக நடுவுல குத்திக்கிற சண்டைக்காகப் பார்ப்பேன், மறைப்பானேன்? "விடாதடா, இன்னும் ஒண்ணு குடு"ன்னு தமிழ்ல நான் கத்தினா டோனாவும் "குடு, குடு"ம்பா.

உங்களுக்கு உடம்புக்கு வந்த வருஷமே ஆட்டம் நின்னுபோச்சு. டோனா பழைய மேட்ச் டேப்பையெல்லாம் ஒரு பெட்டியில கொண்டாந்து வச்சா. கட்டில்ல சாய்ஞ்சுக்கிட்டு அதையே பார்த்தீங்க. எல்லாம் முடிவு தெரிஞ்ச மேட்ச். தெரிஞ்சும் "பிடிடா, பிடிடா"ன்னு சத்தம். "எப்படியும் அவன் கோலை விடத்தான் போறான், நீங்க ஏன் தொண்டையைக் கிழிச்சுக்கிறீங்க?"ன்னேன். "ஒருவேளை இன்னைக்குப் பிடிச்சுட்டான்னா?"ன்னீங்க.

இப்படிப்பட்ட மனுசனுக்குப் புதுசா ஒரு மேட்ச் காட்ட அத்தனை பெரிய மனுசங்களாலயும் முடியலையே அத்தான். அதுதான் எனக்கு ஆறலை.

மன்றத்து ஆளுக உங்களைப் பார்க்க வந்தப்போ எல்லாரும் ஸ்ட்ரைக்னுதான் சொன்னாங்க. "கோடீஸ்வரனுக்கும் கோடீஸ்வரனுக்கும் சண்டை, நமக்கென்ன ஆன்டி?"ன்னு கேட்டாங்க. மருந்து மயக்கத்துலயும் நீங்க விட மாட்டீங்க. "ஸ்ட்ரைக் இல்லப்பா, லாக்அவுட். ஆடுறவன் வரமாட்டேன்னு சொல்லலை. சம்பளத்துக்கு ஒரு எல்லை கட்டணும்னு முதலாளிங்க கேட்டாங்க, இவனுக ஒத்துக்கலை, கதவைப் பூட்டிட்டாங்க."

லாக்அவுட் எனக்கா தெரியாது? கல்யாணத்துக்கு முன்னாடி நான் தீப்பெட்டி ஆபீஸ்ல குச்சி அடுக்கினவ. தீப்பெட்டி செய்ற இடத்தை நம்ம பக்கம் ஆபீஸ்னுதான் சொல்லுவோம். இங்க வந்து, நானும் ஆபீஸ் போனவதான்னு ஒரு பார்ட்டியில சொல்லிட்டேன். எந்த சாஃப்ட்வேர்னு ஒரு பொண்ணு கேட்டுச்சு. நீங்க முகத்தைத் திருப்பிக்கிட்டுச் சிரிச்சீங்களே தவிர, உதவிக்கு வரலை.

அந்த ஆபீஸ்ல ஒருக்கா கூலித் தகராறு. காலையில தூக்குச்சட்டியோட போய் நிக்கிறோம், கேட்டுல சங்கிலி. நாங்க மட்டுமா வெளிய நின்னோம்? எதிர்த்தாப்புல டீக்கடை, பணியாரம் விக்கிற அக்கா, எங்களைச் சைக்கிள்ல கூட்டிட்டு வர்ற அண்ணன்மாரு, எல்லாரும் நின்னாங்க. யாரை வெளிய தள்ளுறோம்னு பூட்டினவருக்கே தெரியாது.

கோடையில, கதவைத் திறக்கப் போறாங்கன்னு சேதி வந்ததும் நம்ம வரிசை ஆளுக எல்லாரையும் டோனா வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டா. இறைச்சி சுடுற அடுப்பைச் சுத்தி நின்னு ஒரே சத்தம். ஒருத்தர் முதலாளியைத் திட்டுறார், ஒருத்தர் ஆடுறவனைத் திட்டுறார். ஒருத்தர் தன் ஜெர்சியை அடுப்புல போடவே போயிட்டார், அவர் வீட்டம்மா பிடுங்கி வச்சுக்கிட்டாங்க. கடைசியில முடிவு என்னன்னா, முதல் மேட்ச் அன்னைக்கு எல்லாரும் கறுப்புச் சட்டை போட்டு வாசல்ல நிக்கணும், உள்ள போகக்கூடாது. நம்ம அருமை அவங்களுக்குத் தெரியட்டும்.

"புஷ், நீயும் வர்றதானே?"ன்னு டோனா கேட்டா.

எனக்கு அவங்க கோபம் தப்புன்னு தோணலை அத்தான். எனக்கு அதைவிடப் பெரிய கோபம் இருக்கு. ஆனா தீப்பெட்டி ஆபீஸைத் திறந்த அன்னைக்கு நான் என்ன செஞ்சேன்னு யோசிச்சுப் பார்த்தேன். "பூட்டினவன் கூப்பிட்டா ஓடணுமா?"ன்னு சில பேர் நின்னாளுக. நான் நேரா உள்ள போய் என் இடத்துல உட்கார்ந்தேன். கேட்டு அவரோடது. நான் உட்காருற இடமும், பக்கத்துல உட்காருறவளும், நாங்க பேசுற பேச்சும் எங்களோடது. அதை நான் ஏன் விடணும்?

இதையெல்லாம் இங்கிலீஷ்ல சொல்ல எனக்கு வாய் ஏது? இருக்கிறதை வச்சுச் சொன்னேன். "நோ டோனா. ஹோல் வின்டர், ஐ அவுட்சைட். மை ஹஸ்பண்ட் அவுட்சைட். எனஃப். ஐ கோ இன்சைட்."

டோனா என்னையே பார்த்துட்டு, கையில இருந்த இடுக்கியைக் கீழ வச்சுட்டுக் கட்டிப்பிடிச்சா. "யூ ஆர் எ ஸ்டபர்ன் வுமன்"னு சொன்னா. ஆனா அவ வர்றேன்னு சொல்லலை. அவ பிடிவாதமும் லேசுப்பட்டதில்லை. முதல் மேட்ச் அன்னைக்கு அவ வாசல்ல கறுப்புச் சட்டையோட நிப்பா, நான் அவளுக்குக் கை காட்டிட்டு உள்ள போவேன். எங்களுக்குள்ள சண்டை இல்லை.

இன்னொண்ணையும் சொல்லணும். சீட்டைப் புதுப்பிக்கணும்னு டிக்கெட் ஆபீஸ்லேர்ந்து ஒரு பொண்ணு போன் பண்ணுச்சு. மிஸ்டர் தங்கராஜ் இருக்காரான்னு கேட்டுச்சு. சொன்னேன். சாரி சாரின்னு பாவம் தடுமாறிப்போச்சு. அப்புறம், "ஸோ... ஒன் சீட் ஆர் டூ?"ன்னு கேட்டுச்சு. ஷீலா பக்கத்துல நின்னு கையை ஆட்டுறா. "மாம், ஜஸ்ட் ஒன். பீ ப்ராக்டிகல்." அவ சொல்றதும் நியாயந்தான். அவளுக்கு என்னைப் பத்திக் கவலை. சும்மா கிடக்கிற நாற்காலியைப் பார்த்துக்கிட்டு அம்மா அழுதுக்கிட்டு உட்கார்ந்திருப்பாளோன்னு பயம்.

நான் "டூ"ன்னேன். அந்தப் பொண்ணு திரும்பவும் கேட்டுச்சு. "டூ மேடம். சேம் பிளேஸ்"னேன்.

போனை வச்சதும் ஷீலாகிட்டச் சொன்னேன். "நான் அழ மாட்டேன்னு சொல்லலை. அழுதா அங்க உட்கார்ந்து அழுறேன். கத்துற கூட்டத்துல யாருக்குத் தெரியப்போகுது?" அவ "ஓகே, சம் கேம்ஸ் ஐ வில் கம் வித் யூ"ன்னா. முதல் மேட்ச்சுக்கு அவளுக்கு வேலை, வர முடியாது. அன்னைக்கு நான் தனியாத்தான்.

தனியான்னதும் எப்படிப் போவாளோன்னு பதறாதீங்க. லைசென்ஸ் எடுத்துட்டேன்! எனக்கு டிரைவிங் சொல்லிக் குடுத்ததும் டோனாதான். பஸ் ஓட்டுறவ கத்துக் குடுத்ததால திருப்பத்துல ரொம்ப அகலமா வளைக்கிறேன்னு ஷீலா சிரிக்கிறா. ஃப்ரீவேல இன்னும் போறதில்லை, உள் ரோட்டுலயே போயிடுவேன்.

கடைசியா ஒரு நல்ல சேதி. இனிமே டிரா கிடையாது அத்தான்! சட்டத்தையே மாத்திட்டாங்க. சமமா நின்னா எப்பவும்போல கூடுதல் நேரம் ஆடணுமாம், அப்பவும் தீரலைன்னா ஒவ்வொருத்தனா வட்டைத் தள்ளிக்கிட்டுத் தனியா கோல்கீப்பர் முன்னாடி வரணுமாம். "ரெண்டு பேரும் சமம்னு கேட்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?"னு கார்ல வர்ற வழியெல்லாம் புலம்புவீங்களே. உங்க புலம்பல் யாருக்கோ கேட்டிருக்கு. அவனும் கோல்கீப்பரும் மட்டும், நடுவுல யாரும் இல்லை. இதைப் பார்க்காமப் போயிட்டீங்களேன்னு நான் வருத்தப்படலை. உங்களுக்குமா சேர்த்து நான் பார்ப்பேன். வழக்கம்போல சண்டையை மட்டும் பார்த்துக்கிட்டு இருக்க மாட்டேன், கோல்கீப்பரையும் பார்ப்பேன்.

இந்த சீசன்ல நம்ம டீம் தோத்தாலும் சரி, எழுந்து ஓட மாட்டேன். ட்ராஃபிக்குக்குப் பயந்து கடைசி நேரத்துல கிளம்புறவங்க கிளம்பட்டும். கடைசிச் சங்கு ஊதுற வரைக்கும் உட்கார்ந்திருப்பேன். இது உங்களுக்கு நான் குடுக்கிற வாக்கு.

ஒண்ணே ஒண்ணுதான் தெரியலை. டோனா வாசல்ல நிப்பா. ஷீலா வேலையில இருப்பா. நம்ம சீட்டு காலியா இருக்கிறதைப் பார்த்துட்டு, கையில பாப்கார்னோட யாராச்சும் குனிஞ்சு, "இங்க ஆள் வருதா?"ன்னு கேட்பாங்க. நான் என்ன சொல்லட்டும் அத்தான்?

உங்க அத்தை மகளும் வீட்டுக்காரியுமான
புஷ்பம்
சான் ஹோசே