தண்ணீர் குடித்த பெட்டிகள்

ஸ்ஃபாக்ஸ்
4 மார்ச் 1986

அன்புள்ள லுத்ஃபிக்கு,

ஜலீலா எழுதுவது. நானும் மகள் இனேஸும் கடவுள் அருளால் நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள் என்று நானாக நினைத்துக்கொள்கிறேன், உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இயந்திரத்தை விற்றுவிடு என்பதோடு முடித்துவிட்டீர்கள். மர்ஸேயில் காகிதத்துக்கு அவ்வளவு பஞ்சமா?

வெட்டு இயந்திரத்தை நான் விற்கவில்லை. நீங்கள் சொல்லி அனுப்பிய மெஹ்தியா ஊர்க்காரர் வந்தார். காபி கொடுத்தேன். இயந்திரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார், கையால் தட்டிப் பார்த்தார். விற்பதற்கில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவருக்கு வருத்தம்தான். இருக்கட்டும்.

"ஒரு பெட்டியை நேராக நிற்க வைக்கத் தெரியாதவனுக்கு இயந்திரம் எதற்கு" என்று உங்களைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் ஊரை விட்டுப் போன அன்றுகூட எனக்கு இவ்வளவு கோபம் வரவில்லை. அக்டோபரில் கிளினிக்கின் கிடங்கில் நம் அட்டைப் பெட்டிகள் சரிந்தன. டைரக்டர் ஸீ முன்ஜி போனில் கத்தினார். நீங்கள் ஓடினீர்கள். தரையெல்லாம் நோயாளிகளின் கோப்புகளும் எக்ஸ்ரே படங்களும் இறைந்து கிடந்ததைப் பார்த்ததும், யாரும் கேட்காமலே "என் கணக்குத்தான் தப்பு" என்று சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தீர்கள். ஏன் சரிந்தது என்று ஒரு பெட்டியைப் புரட்டிப் பார்த்தீர்களா? இல்லை. பிறகு காபிக் கடையில் எவனோ "அட்டை லுத்ஃபி" என்று கூப்பிட்டானாம். அதற்காகக் கப்பலேறிப் போய் உங்கள் மாமா மகனின் காய்கறி மண்டியில் மரப்பெட்டி தூக்கிக்கொண்டிருக்கிறீர்கள். அவன் கூப்பிட்டது உங்களைத்தான், ஆனால் தெருவில் நடந்து அதைக் காதில் வாங்குவது நான்.

அந்தப் பெட்டியை நீங்கள் வரைந்தபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். கிளினிக்கின் இரும்பு இழுப்பறையில் கோப்புகள் தொங்குவது போலவே அட்டைப் பெட்டியிலும் தொங்க வேண்டும், எடுத்து மாற்றி அடுக்கிக்கொண்டிருக்க முடியாது என்றார்கள். ஒவ்வொரு கோப்பின் தலையிலும் ஒரு தகரப்பட்டை, அதன் இரண்டு முனையிலும் கொக்கி. அத்தனை கொக்கிகளின் பாரமும் பெட்டியின் இரண்டு நீளச் சுவர்களின் மேல் விளிம்பில்தான் இறங்கும். வெறும் அட்டை என்றால் கொக்கி அறுத்துவிடும். நீங்கள் விளிம்பை உள்பக்கமாக மடித்து, மறுபடியும் மடித்து, நான்கு தட்டு கனமாக்கினீர்கள். அட்டையின் நடுவில் இருக்கும் நெளி நெட்டுக்குத்தாக நிற்கும்படி வெட்டினீர்கள். கைப்பிடித் துளையைக்கூட நீளச் சுவரில் போடவில்லை, பாரம் தாங்கும் இடத்தில் ஓட்டை போடுவானா மனிதன் என்று பட்டறை ஆள் தீஜானியைத் திட்டினீர்கள். இப்படிப்பட்ட பெட்டி தானாகச் சரியும் என்பதை நான் நம்பவில்லை.

அதனால் உங்கள் பழைய அச்சிலேயே நான்கு பெட்டி வெட்டச் சொன்னேன். கிளினிக்கின் கோப்புகள் இருக்கும் கனத்துக்குப் பழைய செய்தித்தாள்களைக் கட்டித் தொங்கவிட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன். மூடிக்கு மேல் தீஜானி ஏறி உட்கார்ந்தான். "லல்லா ஜலீலா, விழுந்தா என் பொண்டாட்டிக்கு நீங்கதான் பதில் சொல்லணும்" என்றான். இனேஸ் பள்ளிக்கூடம் விட்டு வந்து அவளும் ஏறினாள். அசையவில்லை. இப்போதும் பட்டறையின் மூலையில் நிற்கின்றன. மத்தியானம் தீஜானி அதன்மேல் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறான்.

இனி கிடங்கையே போய்ப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். கிடங்குப் பொறுப்பாளர் ஸீ பெஷீர் நல்ல மனிதர், விடுவார்.

இனேஸுக்குக் கடைவாய்ப் பல் வலி, பிடுங்கியாயிற்று. உங்கள் அம்மா எண்ணெய் கொடுத்தனுப்பினார், இந்த வருடம் கொஞ்சம் கசக்கிறது. ரமலானுக்கு முன்னால் வந்துவிடுவீர்களா, மாட்டீர்களா? எனக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் அட்டை சமாச்சாரம்.

கடவுள் உங்களைக் காக்கட்டும். குளிரில் கழுத்தைத் திறந்துபோட்டுக்கொண்டு திரிய வேண்டாம்.

ஜலீலா


ஸ்ஃபாக்ஸ்
7 ஏப்ரல் 1986

அன்புள்ள லுத்ஃபிக்கு,

உங்களிடமிருந்து பதில் இல்லை. பரவாயில்லை, பதில் வராதவளுக்கும் எழுதத் தெரியும். இந்தக் கடிதத்தை நின்றுகொண்டு படிக்காதீர்கள், எங்காவது உட்காருங்கள்.

பெட்டிகள் ஏன் சரிந்தன என்று தெரிந்துவிட்டது.

ஸீ பெஷீர் சம்மதித்து, நம் நான்கு பெட்டிகளையும் பாரத்தோடு கிடங்கின் ஒரு மூலையில் வைத்துப் பார்க்கச் சொன்னார். போன மாதம் ஒரு வியாழக்கிழமை தீஜானியும் நானும் கொண்டுபோய் அடுக்கினோம். அடுக்கி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது நடைபாதையிலிருந்து ஒரு குரல், "காலைத் தூக்குங்க." கூட்டிக் கழுவும் மப்ரூக்கா பெரியம்மா. தூக்குவதற்குள் ஒரு வாளித் தண்ணீர் வந்துவிட்டது. அடுத்து இன்னொன்று. பிளீச்சிங் நாற்றம். தண்ணீர் நடையைத் தாண்டி, கிடங்குக்குள் புகுந்து, நம் பெட்டிகளின் காலடியில் போய்த் தேங்கி நின்றது. பெரியம்மா ஆற அமர ஒரு மூலையிலிருந்து ரப்பர் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டு வந்தார். அதற்குள் அடிப்பெட்டி வேண்டிய மட்டும் குடித்துவிட்டது.

நான் அப்படியே நின்றுவிட்டேன். லுத்ஃபி, நான் நம் வீட்டை வாரத்துக்கு இரண்டு முறை இப்படித்தான் கழுவுகிறேன். ஊரில் எந்தப் பெண்ணும் இப்படித்தான் கழுவுகிறாள். நீங்கள் அப்போது நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு பேப்பர் படிப்பீர்கள், தண்ணீர் எங்கே போகிறது என்று ஒரு நாளாவது பார்த்திருக்கிறீர்களா? சரி, நானாவது யோசித்தேனா? பெட்டியில் எவ்வளவு பாரம், எத்தனை கொக்கி, எத்தனை அடுக்கு என்று எல்லாவற்றையும் கேட்டோம். பெட்டி நிற்கப்போகும் தரையை யார் கழுவுகிறார்கள், எப்படிக் கழுவுகிறார்கள் என்று கேட்கவில்லை.

சரிந்த பழைய பெட்டிகளை ஸீ பெஷீர் எறியவில்லை, மடித்து மாடிப்படிக்கு அடியில் வைத்திருந்தார். ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தேன். அடியில் இருந்த பெட்டிகள் எல்லாவற்றிலும் இரண்டு விரல் உயரத்துக்குப் பழுப்புக் கறை, அதற்குக் கீழே அட்டை கூழாகக் குழைந்து காய்ந்திருக்கிறது. மேலே உங்கள் மடிப்பு வரைந்தது வரைந்தபடி. ஒரு கொக்கிகூட விளிம்பைக் கிழிக்கவில்லை. ஒன்றுகூட இல்லை. அந்தப் படிக்கட்டுக்கு அடியில் உட்கார்ந்து அழுதேன். ஸீ பெஷீர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

உடனே டைரக்டரிடம் போனேன். கறை பிடித்த அட்டையை மேசைமேல் வைத்தேன். ஸீ முன்ஜி புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "அப்ப லுத்ஃபி மேல தப்பு இல்லையா? அவரே தானே தப்புன்னு சொன்னாரு?" என்றார். என் வீட்டுக்காரர் யார் காலை யார் மிதித்தாலும் தானே முதலில் மன்னிப்புக் கேட்கிறவர், அது உங்களுக்கு வசதியாகப் போய்விட்டது என்றேன். முகம் சிவந்துவிட்டது அவருக்கு. எழுந்து நின்று, "அவருக்கு என் சலாம் சொல்லுங்க. நான் அன்னிக்குக் கத்தியிருக்கக் கூடாது" என்றார். சொல்லிவிட்டேன்.

பிறகு மப்ரூக்கா பெரியம்மாவைக் கூப்பிட்டு, இனி ஈரத்துணியால் துடைத்தால் போதும் என்றார். பெரியம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டார். "ஆஸ்பத்திரி தரைய்யா இது. தொடச்சு விட்டா அது கழுவினதாகுமா? நான் கல்யாணமாகி வந்த நாள்லேருந்து தண்ணி ஊத்தித்தான் கழுவுறேன். பொட்டி தண்ணி குடிச்சா பொட்டிக்குப் புத்தி சொல்லுங்க, எனக்குச் சொல்லாதீங்க." டைரக்டர் என்னைப் பார்த்தார், நான் டைரக்டரைப் பார்த்தேன். பெட்டிக்குப் புத்தி சொல்வது என்று முடிவாயிற்று.

முதலில் அட்டைப் பட்டைகளை ஒட்டிக் கால் வைத்துப் பார்த்தேன். அந்தக் கால்களே முதலில் குடித்தன. மரச்சட்டம் வைத்தால் பெரியம்மாவின் ரப்பர் அதில் இடித்து நிற்கிறது, சட்டத்துக்கு அடியில் அழுக்குத் தேங்குகிறது, அதற்கும் திட்டு. கடைசியில் நம் பட்டறைக்குள்ளேயே இருந்தது வழி. துறைமுகத்துக்குச் செய்கிறோமே ஆக்டோபஸ் அடைக்கும் பெட்டி, மெழுகில் தோய்த்த அட்டை, அதில் ஒரு சாண் உயரத்துக்குத் தட்டு செய்து அதற்குள் பெட்டியை உட்காரவைத்தேன். முழுப் பெட்டியையும் மெழுகில் செய்ய முடியாது, வெயில் காலத்தில் கோப்புகளில் பிசுக்கு ஏறும். மெழுகில் பசையும் பிடிக்காது. ஆகவே ஒட்டு இல்லாமல், மூலைகளை உறைபோல மடித்துச் செருகும் தட்டு.

அதுவும் முதல் முறை கசிந்தது. மெழுகு போட்ட அட்டைக்குள் தண்ணீர் எப்படிப் போகும் என்று நானும் தீஜானியும் இனேஸும் மண்டையை உடைத்துக்கொண்டோம். தீஜானிதான் தரையில் படுத்துப் பார்த்தான். வெட்டிய விளிம்பு தரையைத் தொடுகிறது, நெளியின் துளைகள் வழியாக உறிஞ்சுகிறது. மறுபடியும் வரைந்தேன். இப்போது தரையைத் தொடுவது மடிப்பு மட்டும், வெட்டு விளிம்பெல்லாம் மேலே பார்க்கிறது.

சோதிக்க யாரைக் கூப்பிட்டேன் தெரியுமா? மப்ரூக்கா பெரியம்மாவையே. போன மாதக் கடைசி வெள்ளிக்கிழமை வீட்டு முற்றத்தில் நான்கு பெட்டிகளை அடுக்கி, மீன் கூஸ்கூஸ் போட்டு, சாப்பிட்டபின் வாளியைக் கையில் கொடுத்தேன். பழைய பகை தீர்ப்பதுபோல் ஊற்றினார். சுவரெல்லாம் ஈரம், இனேஸின் புத்தகப் பை நனைந்தது, பக்கத்து வீட்டுப் பூனை கூரையேறிவிட்டது. அடுத்த நாளும் வந்தார், கூப்பிடாமலே. அடுத்த வாரமும். பெட்டி நிற்கிறது. பெரியம்மாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

ஆக, லுத்ஃபி, உங்கள் கணக்கு சரி. ஊர் முழுக்க நானே சொல்லிவிட்டேன். காபிக் கடைக்கு ஸீ பெஷீரை அனுப்பியும் சொல்ல வைத்தேன். இனி நீங்கள் முகத்தை மறைத்துக்கொள்ள ஒரு காரணமும் கிடையாது. துணிமணியைக் கட்டிக்கொண்டு கிளம்புங்கள்.

உங்கள் வழியில் கடவுள் துணை இருக்கட்டும். கப்பல் வரும் நாளை எழுதுங்கள், தீஜானி துனிஸுக்கு வருவான்.

ஜலீலா


ஸ்ஃபாக்ஸ்
26 ஏப்ரல் 1986

லுத்ஃபி,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. தபால் ஆபீஸ் வாசலிலேயே பிரித்தேன். நான்கு வரி. "பெட்டி நின்றதில் சந்தோஷம். நான் ஆறு மாதம் யோசித்தும் கண்டுபிடிக்காததை நீ கண்டுபிடித்துவிட்டாய். பட்டறைக்கு இனி நான் தேவையில்லை என்று தெரிகிறது. இயந்திரத்தை நீயே வைத்துக்கொள்."

நான் உங்கள் தலைமேலிருந்து பழியை இறக்கி வைத்தால், நீங்கள் குனிந்து தரையில் வேறொரு பழியைத் தேடி எடுத்துத் தலையில் வைத்துக்கொள்கிறீர்கள். உங்களை என்ன செய்வது?

இரவு இனேஸ், "இயந்திரம் ரிப்பேர்னு எழுதும்மா, அப்பா ஓடி வந்துடுவாரு" என்றாள். எழுதலாம். தீஜானி படுத்துவிட்டான் என்று எழுதலாம். அடுத்த பெட்டியை எனக்கு வரையத் தெரியவில்லை, நீங்கள் இல்லாமல் ஒன்றும் ஓடவில்லை என்று எழுதினால் நீங்கள் நாளைக்கே கப்பலேறிவிடுவீர்கள், எனக்குத் தெரியும்.

ஆனால் எழுத மாட்டேன், பொய். இயந்திரம் நன்றாக ஓடுகிறது. கிளினிக்கின் பெட்டிகள் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டன, இப்போது நீதிமன்றத்திலிருந்தும் கேட்கிறார்கள், அதையும் நான் வரைந்துவிட்டேன். தீஜானி தடித்துப்போயிருக்கிறான். இனேஸ் கணக்கில் முதலாவது. பட்டறைக்கு நீங்கள் தேவையில்லை, நீங்கள் எழுதியது சரிதான்.

எனக்குத் தேவை. சாயங்காலம் பட்டறையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு நடக்கும்போது அன்றைக்கு நடந்ததைச் சொல்ல ஆளில்லை. திட்ட ஆளில்லாமல் நாக்கு வறண்டு கிடக்கிறது. பதினேழு வயதில் உங்களை நான் கட்டிக்கொண்டது பெட்டி செய்வதற்காகவா? அப்போது உங்களுக்கு அட்டை எந்தப் பக்கம் மடியும் என்றே தெரியாது.

உங்களைக் கூப்பிடுவதற்குக் காட்ட என்னிடம் ஒரு வேலையும் மிச்சமில்லை. தேடித் தேடிப் பார்த்துவிட்டேன். ஒன்றும் செய்ய வேண்டாம், ஒன்றையும் சரிபார்க்க வேண்டாம். சும்மா வாருங்கள். நான் கூப்பிடுகிறேன் என்பதற்காக வாருங்கள்.

கடவுள் கடலை அமைதியாக வைக்கட்டும்.

உங்கள் ஜலீலா