‘கட்டியாச்சு’ என்றால் யார் கட்டியது, அத்தை?

திட்டிக்கொண்டே என் தோசைக்கு மட்டும் நெய் கூட விட்ட அத்தைக்கு,

ஜோகுபாளையத்தில் எல்லோரும் சௌக்கியம். மாடிக் குழாயில் தண்ணீர் இன்னும் நூல் மாதிரிதான் வருகிறது. உங்கள் பேத்தி மீனு வளர்ந்துவிட்டாள், கூடவே வாயும் வளர்ந்துவிட்டது. யாரைப் போல என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்று உங்களிடம் ஒரு வார்த்தையைப் பற்றிப் புகார் சொல்லத்தான் எழுதுகிறேன். நீங்கள் இருந்தவரை இந்த வீடே ‘ஆச்சு’ என்ற வார்த்தையில் ஓடியது. உங்கள் மகன் கேப் ஓட்டிச் சம்பாதித்ததும், தொம்மலூர் கிளினிக்கில் நான் வாங்கும் சம்பளமும் உங்கள் கைக்கு வந்துவிடும். அதற்கப்புறம் நாங்கள் கேட்பது மட்டும்தான். “வாடகை?” “குடுத்தாச்சு.” “கரென்ட் பில்?” “கட்டியாச்சு.” “கேஸ்?” “சொல்லியாச்சு, போய் வேலயப் பாருடி.” எப்படி ஆயிற்று என்று அவரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

நீங்கள் போன பிறகும் நாங்கள் அதே வார்த்தையை வைத்தே குடும்பம் நடத்தினோம். வினை அங்கேதான் ஆரம்பம். நீங்கள் ‘கட்டியாச்சு’ என்றால் நீங்கள் கட்டினீர்கள் என்று அர்த்தம். நாங்கள் சொன்னால் யார் கட்டியது என்று யாருக்கும் தெரியாது. ஒரு மாதம் பால்காரருக்கு இரண்டு பேருமே பணம் கொடுத்துவிட்டோம். அவர் சிரித்துக்கொண்டே அடுத்த மாதத்துக்கு வைத்துக்கொண்டார். மீனுவின் பள்ளிக் கட்டணம் அப்படிச் சிரிப்போடு போகவில்லை.

ஒருநாள் காலையில் உங்கள் மகன் ஷூ மாட்டிக்கொண்டே, “மீனு ஃபீஸ் கட்டியாச்சு இல்ல?” என்று கேட்டார். மிக்ஸி சத்தத்தில் எனக்கு ‘கட்டியாச்சு’ மட்டும்தான் காதில் விழுந்தது. “ஆங், சரி” என்றேன். நான் கட்டிவிட்டேன் என்று நினைத்து அவர் கிளம்பிவிட்டார். அவர் கட்டிவிட்டார் என்று நான் சட்னி அரைத்தேன். பரீட்சை நெருங்கும்போது பள்ளி ஆபீஸிலிருந்து போன். “ஃபீஸ் கட்டில்லா, மேடம்”, அதாவது இன்னும் கட்டவில்லை என்று அந்த அம்மாள் கன்னடத்தில் மரியாதையாகத்தான் சொன்னார். அன்று வகுப்பில் எல்லோருக்கும் ஹால் டிக்கெட் கொடுத்திருக்கிறார்கள், மீனுவுக்குத் தரவில்லை. வீட்டுக்கு வந்தவள் ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொண்டாள். வாய் ஓயாத பிள்ளை அப்படி இருந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் வலிக்கிறது.

என் வளையலை அடகு வைத்துக் கட்டினோம். அதன் பிறகுதான் சண்டை. “எங்கம்மா இருந்தா இப்டி ஆயிருக்குமா?” என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. “நீங்க ஓட்டற பணமெல்லாம் எங்கதான் போவுது? மொதல்ல அதச் சொல்லுங்க!” என்று கத்தினேன். கார் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்கப்புறம் சில நாள் எங்கள் பேச்சுவார்த்தையெல்லாம் மீனு மூலமாகத்தான்.

ஞாயிற்றுக்கிழமை அவராகவே சமையலறைக்கு வந்து கீழே உட்கார்ந்தார். தன் போனைத் திறந்து என் முன்னால் வைத்தார். அவர் கணக்கிலிருந்து மாதாமாதம் ஒரு தொகை போய்க்கொண்டே இருந்தது.

“இது இன்னாது?”

“அம்மா ஆஸ்பத்திரிச் செலவுக்கு எடுத்த லோன்.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா, அம்மாவாலதான் இந்தக் கஷ்டம்னு நீ நெனச்சிடுவியோன்னு...”

அத்தை, உங்களை நான் அப்படி நினைப்பேனா? அடுப்பை அணைத்துவிட்டு அழுதேன். அவரும் அழுதார். பிறகு நானும் என் கணக்கைத் திறந்து காட்டினேன். ஆன்லைனில் வாங்கித் தள்ளிய குர்த்திகளைப் பார்த்தும் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நல்ல மனுஷனைத்தான் பெற்றிருக்கிறீர்கள்.

பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் இரண்டு பேரும் சேர்ந்து எழுதினோம். என்ன வருகிறது, என்ன போயே ஆக வேண்டும், மீனு ஃபீஸுக்கு மாதாமாதம் எவ்வளவு ஒதுக்குவது, எல்லாம். அவர் டீக்கும் என் குர்த்திக்கும் ஆளுக்குக் கொஞ்சம், அதில் யாரும் கேள்வி கேட்கக் கூடாது. சட்டம் போட்டது மீனுதான். இனி வீட்டில் ‘ஆச்சு’ கிடையாது. ‘நான் கட்டினேன்’, இல்லையென்றால் ‘நாம கட்டணும்’. மீறினால் அன்றைக்குப் பாத்திரம் கழுவ வேண்டும்.

வருமானம் ஒன்றும் கூடிவிடவில்லை, அத்தை. மாதக் கடைசி இப்போதும் இழுபறிதான். ஆனால் “இன்னிக்கு ட்ரிப் கம்மிடி” என்று அவர் வாசலிலேயே சொல்லிவிடுகிறார். முன்பெல்லாம் அவர் முகத்தைப் பார்த்து நானாக ஏதேதோ கற்பனை பண்ணிக்கொண்டிருப்பேன். இப்போது அது இல்லை. மாதம் ஒரு ஞாயிறு, டிபன் முடிந்ததும் உட்கார்ந்துவிடுகிறோம்.

அப்படி உட்காரும்போதெல்லாம் உங்கள் நினைவுதான். உங்கள் கம்மல் ஒருமுறை காணாமல் போனது. கேட்டதற்கு, “காது அரிக்குதுடி, கழட்டி வெச்சிருக்கேன்” என்றீர்கள். அந்த மாதமும் வாடகை ‘குடுத்தாச்சு’தான். அந்தக் கம்மல் திரும்பி வரவே இல்லை. எத்தனை மாதம் நீங்கள் ஒருத்தியாக உட்கார்ந்து யோசித்திருப்பீர்கள்? யார் வீட்டு வாசலில் போய் நின்றீர்கள்? பக்கத்தில் உட்கார்ந்து கேட்க நாங்கள் இரண்டு பேர் இருந்தோமே, எங்களிடம் சொல்லியிருக்கக் கூடாதா?

போன வாரம் அந்த லோனின் கடைசித் தவணை. பணம் போனதும் அவர் பழைய பழக்கத்தில், “கட்டியாச்சு!” என்றார். உள்ளேயிருந்து மீனு, “யாரு?” என்று கத்தினாள். அவர் என்னைப் பார்த்தார், உங்கள் படத்தைப் பார்த்தார். “நாங்க ரெண்டு பேரும் கட்டினோம்டி” என்றார். ஆனாலும் பாத்திரம் அவர்தான் கழுவினார். மீனு விடவில்லை.

அடுத்து வளையலை மீட்கப் போகிறோம். அப்புறம் உங்கள் கம்மல் மாதிரியே ஒரு ஜோடி வாங்க வேண்டும் என்று காலண்டர் தாளில் எழுதி வைத்திருக்கிறோம். வாக்குக் கொடுக்கிறேன், அத்தை. உங்கள் வீட்டில் இனி எதுவும் தானாக ஆகாது. ஒருத்தர் மட்டும் கம்மலைக் கழற்றி ஆக்கவும் விடமாட்டோம்.

ஊரிடமெல்லாம் ‘எம் பொண்ணு’ என்று நீங்கள் சொல்லி, என்னிடம் மட்டும் அதைச் சொல்லாமலே விட்டுப்போன மருமகள்,
செல்வி